ஊட்டிக்கு எந்த மாசம் வரலாம்? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணமாகி கோயம்புத்தூரிலிருந்து ஊட்டிக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. ஏப்ரல் பிறந்தால் போதும், மூன்று வருடமாகப் பேசாத சித்தப்பா மகன்கூட “எப்படிக்கா இருக்கீங்க?” என்று ஃபோன் செய்வான். இரண்டாவது கேள்வியிலேயே ரூம் வாடகைக்கு வந்துவிடுவான். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன்.

ஊட்டிக்கு வர எந்த மாசம் நல்ல மாசம்?

எதற்காக வருகிறீர்கள் என்று சொன்னால்தான் மாதத்தைச் சொல்ல முடியும். பூ பார்க்க என்றால் மே, இல்லாவிட்டால் செப்டம்பர் கடைசி. குளிரில் நடுங்க ஆசை என்றால் டிசம்பர், ஜனவரி. மேகம் வீட்டு வாசலுக்கு வர வேண்டும், கையில் டீ இருக்க வேண்டும் என்றால் ஜூலை, ஆகஸ்ட். கூட்டமில்லாத ஊர் வேண்டும் என்றால் பிப்ரவரி. கீழே வெயில் தாங்கவில்லை, எங்கேயாவது ஓடினால் போதும் என்பவர்கள் எல்லாரும் மே மாதம்தான் வருகிறார்கள். அதனால் அந்த மாதம் ஊட்டியைப் பார்ப்பதைவிட ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதுதான் அதிகம்.

இன்னொரு விஷயம். நீலகிரி ஒரே மலைதான், ஆனால் மழை ஒன்றல்ல. கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி என்று மேற்கே இருப்பவை தென்மேற்குப் பருவமழையில் நனையும். குன்னூர், கோத்தகிரி என்று கிழக்கே இருப்பவை வடகிழக்குப் பருவமழையில் நனையும். ஊட்டி நடுவே 2,240 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டிலும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிப் பதில்கள் தானாகவே விளங்கிவிடும்.

ஃபர்ஸ்ட் சீசன், செகண்ட் சீசன்னு சொல்றாங்களே, அது என்ன?

ஏப்ரலும் மேயும் முதல் சீசன். செப்டம்பரும் அக்டோபரும் இரண்டாவது சீசன். முதல் சீசன் கோடை விடுமுறையை ஒட்டி வருவது. மலர்க் கண்காட்சி, ரோஜா கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி என்று மே மாதம் முழுக்க வரிசையாக நடக்கும். இரண்டாவது சீசனுக்கும் தாவரவியல் பூங்காவில் தொட்டிகளை அடுக்கிப் பூக்க வைப்பார்கள், ஆனால் மேளதாளம் குறைவு. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் சீசன். மழை கழுவிவிட்ட புல், பகலில் மெல்லிய வெயில், ஆயுத பூஜை விடுமுறையை விட்டால் ரோட்டில் நிம்மதி.

மே மாசம்தான் பசங்களுக்கு லீவு, வேற வழியே இல்லை. என்ன பண்றது?

வாருங்கள், ஆனால் கிழமை பார்த்து வாருங்கள். செவ்வாய் காலை ஏறி வியாழன் மாலை இறங்குகிறவருக்கும், சனி காலை ஏறி ஞாயிறு மாலை இறங்குகிறவருக்கும் கிடைக்கும் ஊட்டி வேறு வேறு. மலர்க் கண்காட்சி நாட்களில்தான் வர வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். கண்காட்சி முடிந்த மறு வாரமும் அந்தப் பூக்கள் அங்கேயேதான் இருக்கும். அலங்கார வளைவு வாடியிருக்கும், அவ்வளவுதான்.

சீசன் நெரிசலில் போலீஸ் மலைப்பாதைகளை ஒருவழியாக்குவது வழக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற வண்டிகள் குன்னூர் வழியாக, இறங்குகிறவை கோத்தகிரி வழியாக. போகிற வழியில் கோத்தகிரியில் சாப்பிடலாம் என்று திட்டம் போட்டிருந்தால் அதைத் திரும்பும் நாளுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம், காலை ஏழு மணிக்குள் மேட்டுப்பாளையத்தைத் தாண்டிவிடுங்கள். பத்து மணிக்குக் கல்லாறு வருகிறவர்கள் பர்லியார் பலாப்பழக் கடைகளை நிதானமாகப் பார்க்கலாம். வண்டி நகராது.

இ-பாஸ் எடுக்கணுமா? காசு எவ்வளவு?

வெளியூர் வண்டியில் வந்தால் எடுக்க வேண்டும். காசு கிடையாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை வந்தது. தமிழக அரசின் இ-பாஸ் தளத்தில் வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, தங்கும் இடம், தேதி ஆகியவற்றைக் கொடுத்தால் க்யூஆர் குறியீட்டோடு பாஸ் வரும். சோதனைச் சாவடியில் அதைக் காட்டினால் போதும். உள்ளூர் டிஎன் 43 வண்டிகளுக்குத் தேவையில்லை. அரசு பஸ்ஸிலோ ரயிலிலோ வருகிறவர்களுக்கும் தேவையில்லை.

2025 கோடையில் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்தது: வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. விதிகள் அவ்வப்போது மாறுவதால் கிளம்பும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். “காசு கொடுங்க, நான் எடுத்துத் தர்றேன்” என்று வழியில் யாராவது நின்றால் நகர்ந்து போங்கள்.

மலை ரயில்ல டிக்கெட் கிடைக்கவே மாட்டேங்குது. ஏதாவது வழி இருக்கா?

மேட்டுப்பாளையம்–ஊட்டி முழுப் பயணத்துக்கு முன்பதிவு திறக்கிற அன்றே பிடிக்க வேண்டும், மே மாதத்துக்கு இன்னும் அவசரம். அது கிடைக்காவிட்டால் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே பகலில் சில முறை ஓடும் ரயில் இருக்கிறது. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று போகும் அந்தப் பாதையும் அழகுதான், டிக்கெட்டும் எளிது. ஆனால் அங்கே இழுப்பது டீசல் இன்ஜின்.

நீராவி இன்ஜினும் பல்சக்கரமும் குன்னூருக்குக் கீழேதான். கல்லாறு தாண்டியதும் 12 அடிக்கு 1 அடி உயரும் அளவுக்குச் செங்குத்து. அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரட்டைப் பட்டை ஓடும், இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். இன்ஜின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். முன் பெட்டியின் மேடையில் கொடியோடு ஒரு பிரேக்மேன் நிற்பார், அவர்தான் கண். 1899ல் குன்னூர் வரை வந்த பாதை 1908ல் ஊட்டியைத் தொட்டது, 2005ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. 46 கிலோமீட்டரில் 208 வளைவு, 16 குகை, 250 பாலம். ஏறக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும். பஸ் அதில் பாதி நேரத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். சின்னப் பிள்ளைகள் மூன்றாவது மணி நேரத்தில் சிணுங்க ஆரம்பிப்பார்கள், தின்பண்டம் இருக்கட்டும்.

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி அப்படியே ஏழு மணி மலை ரயிலில் ஏறலாம். காலங்காலமாக அந்த இணைப்பு இருக்கிறது.

ஜூன், ஜூலைல வந்தா மழைல மாட்டிக்குவோமா?

ஊட்டி டவுனில் அந்த மாதங்களில் பெய்வது பெரும்பாலும் சாரல். கொட்டித் தீர்க்காது, ஆனால் விடாது. குடை காற்றில் மடங்கும், மழைக்கோட்டுதான் உதவும். துணி மூன்று நாளானாலும் காயாது. எங்கள் வீட்டில் ஆடி மாதம் பள்ளிச் சீருடையை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத்தான் காய வைப்போம். இதைச் சகித்துக்கொண்டால் ரூம் வாடகை மே மாதத்தின் பாதிக்கும் கீழே வரும்.

மேற்குப் பக்கம் போவதில்தான் ஜாக்கிரதை தேவை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. பல ஊர்களில் ஒரு வருடத்துக்குப் பெய்கிற மழை அது. ஆரஞ்சு, ரெட் அலர்ட் என்று அறிவிப்பு வந்தால் சுற்றுலா இடங்களை மூடிவிடுவார்கள். அப்படிப்பட்ட நாளில் அவலாஞ்சி, பைக்காரா, கூடலூர் ரோடு வேண்டாம். அறையிலேயே இருந்து சீட்டாடுங்கள்.

அப்போ தீபாவளி லீவுக்கு வரலாமா?

அது வடகிழக்கு மழையின் காலம். முதல் பதிலில் சொன்ன கிழக்குப் பக்கம்தான் இப்போது நனையும். நீங்கள் ஏறி வருகிற மேட்டுப்பாளையம்–குன்னூர் ரோடும் ரயில் பாதையும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒவ்வொரு வருடமும் அப்படி நடப்பதில்லை. ஆனால் பாறை விழுந்து கல்லாறு–குன்னூர் ரயில் சில நாள் ரத்தாவது அநேகமாக எல்லா வருடமும் உண்டு.

வரவே கூடாது என்று சொல்லவில்லை. இரவில் மலை ஏறாதீர்கள், ரயிலை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள், திரும்ப ஒரு நாள் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை என்கிற மாதிரி வாருங்கள்.

டிசம்பர்ல ஸ்னோ விழுமா?

விழாது. வானத்திலிருந்து பஞ்சு போல விழும் பனி இங்கே கிடையாது. இங்கே வருவது உறைபனி. நவம்பரில் முதலில் நீர்ப்பனி விழும், புல் நனைந்திருக்கும், அவ்வளவுதான். வானம் தெளிந்து காற்று நின்ற இரவுகளில் அதுவே உறைந்து வெள்ளையாகிவிடும். டிசம்பர், ஜனவரியில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி வரும், அவலாஞ்சி பக்கம் அதற்கும் கீழே போகும்.

பார்க்க வேண்டும் என்றால் காலை ஆறரைக்குத் தலைகுந்தா பக்கமோ காந்தல் பக்கமோ போங்கள். பள்ளமான புல்வெளிகளில்தான் நன்றாகப் பிடிக்கும், மேட்டில் தேடாதீர்கள். புல்லின் ஒவ்வொரு இதழிலும் உப்பு தூவிய மாதிரி இருக்கும், மிதித்தால் நொறுங்கும். வெயில் வந்து தொடுகிற கோடு வரைக்கும் வெள்ளை, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஈரப் பச்சை. எட்டு மணிக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது. இரவு வெளியே நிறுத்திய காரின் கண்ணாடியும் உறைந்திருக்கும். அதில் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாலே கரைந்துவிடும்.

நமக்கு வேடிக்கை, தேயிலைக்குத் தலைவலி. கொழுந்து கருகிவிடும். தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளின் மேல் காய்ந்த தழை மூடியிருப்பதைப் பார்த்து “ஏன் குப்பையா போட்டு வெச்சிருக்காங்க?” என்று கேட்கிறார்கள். அது கோத்தகிரி மிலார். பனியிலிருந்து செடிகளைக் காப்பாற்றப் போர்த்தியிருக்கிறார்கள்.

அந்தக் குளிருக்கு என்ன துணி எடுத்துட்டு வரணும்?

ஒரு பெரிய ஜெர்கினை விட மூன்று மெல்லிய அடுக்கு நல்லது. பகல் பன்னிரண்டு மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும், நிழலுக்குப் போனால் நடுங்கும், கழற்றிப் போட்டுக்கொண்டே இருப்பீர்கள். காதை மூடும் குல்லாவும் சாக்ஸும் முக்கியம். உயரத்தில் வெயில் தோலை அதிகம் கருக்கும். குளிருகிறதே என்று ஏமாந்து முகம் கறுத்துத் திரும்புகிறவர்கள் நிறைய.

ரூம் எடுக்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: சுடுதண்ணீர் எத்தனை மணி வரை? ஹீட்டருக்குத் தனிக் காசா? என் நாத்தனார் குடும்பம் ஒருமுறை ஒரு காட்டேஜில் தங்கியது. காலையில் ஆளுக்கு ஒரு பக்கெட் சுடுதண்ணீர்தான் கொடுத்தார்கள். அதுவும் மூன்றாவது மாடிக்கு வந்து சேர்வதற்குள் ஆறிவிட்டது. நாலு பேரும் குளிக்காமல் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

பிப்ரவரி, மார்ச்ல ஒண்ணுமே இருக்காதாமே?

தொட்டியில் பூ இருக்காது. மரத்தில் இருக்கும். பிப்ரவரியில் சோலை ஓரங்களில் காட்டுப் பூவரசு சிவப்பாகப் பூத்திருக்கும். மார்ச், ஏப்ரலில் ரோட்டோரம் ஜகரண்டா ஊதாவாகக் கொட்டும். வானம் தெளிவாக இருப்பதால் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியிலிருந்து தூரம் தெரிவதும் இந்த மாதங்களில்தான். மே மாதம் அங்கே ஏறி மேகத்தை மட்டும் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உண்டு.

குறை என்றால் புல் காய்ந்து மஞ்சளாக இருக்கும். காட்டுத்தீ பயம் உண்டு, வனத்துறை சில இடங்களை மூடிவிடும். பீடி, சிகரெட்டை ரோட்டோரம் வீசாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருப்பதே வெட்கம்.

குறிஞ்சிப் பூ எப்ப பூக்கும்?

பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006ல் பூத்தது, அப்புறம் 2018ல். அந்தக் கணக்கில் அடுத்தது 2030. குறிஞ்சியில் இனங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. அதனால் நடுவிலும் எங்காவது ஒரு சரிவில் பூத்ததாகச் செய்தி வரும். அதை நம்பி ரூம் போடாதீர்கள்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயசு. மூச்சு வாங்குமா?

இந்த உயரத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. மேடு ஏறும்போது கொஞ்சம் இரைக்கும், முதல் நாள் தூக்கம் சரியாக வராது. ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, டிசம்பர், ஜனவரியைத் தவிர்த்துவிடுங்கள். முதல் நாளே தொட்டபெட்டா வேண்டாம். வளைவுகளில் வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காரட்டும், வயிறு முட்டச் சாப்பிட்டு ஏற வேண்டாம்.

காற்றழுத்தம் குறைவதை நீங்களே பார்க்கலாம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் தலையணை மாதிரி உப்பியிருக்கும். இங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அதனால்தான் ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. வந்த புதிதில் நான் பட்ட பாடு என் மாமியாருக்குத் தெரியும்.

ஊட்டில தங்கறதா, குன்னூர்ல தங்கறதா?

முதல் தடவை என்றால் ஊட்டி. இரண்டாவது தடவை என்றால் குன்னூர். அது கிட்டத்தட்ட 400 மீட்டர் கீழே இருப்பதால் குளிர் குறைவு, தேயிலைத் தோட்டம் நடுவில் தங்கலாம், நெரிசலும் கம்மி. வயதானவர்கள் இருந்தால் டிசம்பரில் கண்டிப்பாகக் குன்னூர்.

தண்ணி பாட்டில் கொண்டு வரக்கூடாதாமே?

ஆமாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் மாவட்டம் முழுக்கத் தடை. சாவடியில் வண்டியைச் சோதிப்பார்கள், அபராதம் உண்டு. எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். தண்ணீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

கார்டன், ஏரி, தொட்டபெட்டா எல்லாம் பார்த்தாச்சு. பழைய ஊட்டின்னு ஏதாவது இருக்கா?

நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்குகிற இடமே பழைய ஊட்டிதான், ஆனால் அன்று அது தண்ணீர். கோவை கலெக்டராக இருந்த ஜான் சலிவன் 1819ல் மலையேறி வந்து, 1823 முதல் 1825 வரை ஏரியை வெட்ட வைத்தார். அந்த ஏரி இப்போது இருப்பதைவிடப் பெரியது. பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் அதை மூடி எடுத்த நிலத்தில் இருக்கின்றன. அவர் கட்டிய கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் அவருடைய முதல் பங்களா நினைவகமாக இருக்கிறது.

செயின்ட் ஸ்டீஃபன்ஸ் தேவாலயத்துக்கு மழை நாளில் போங்கள். 1829ல் அடிக்கல் நாட்டியது. உள்ளே தாங்கி நிற்கும் மரத் தூண்களும் உத்தரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்து மலைமேல் கொண்டுவந்தவை. பின்னால் மேட்டில் பழைய கல்லறைகள் ஏறிக்கொண்டே போகும். சலிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். ஊரை உண்டாக்கியவர் இங்கிலாந்து திரும்பிவிட்டார், அவர்கள் திரும்பவில்லை. ஸ்னூக்கர் விதிகளை வகுத்த ஊட்டி கிளப்பும் பக்கம்தான், ஆனால் உறுப்பினருக்கு மட்டுமே அனுமதி, வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். 1848ல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் எல்லாரும் பூவோடு படம் எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அங்கே இரண்டு கோடி வருடம் பழைய, கல்லாகிப்போன அடிமரம் ஒன்று கிடக்கிறது. அதைப் பார்த்தீர்களா?

வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடி இங்கே யாருமே இல்லையா? தோடர் மந்துக்குப் போகலாமா?

மேலே “ஊரை உண்டாக்கியவர்” என்று நானே எழுதிவிட்டேன், டவுனை என்று திருத்திப் படியுங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், அவர்களோடு படுகர் என்று மலை நிறைய ஆட்கள் இருந்தார்கள். மந்து என்றால் தோடர் குடியிருப்பு. ஒட்டகமண்ட் என்று வெள்ளைக்காரர்கள் எழுதிய பெயரின் வாலில் இருப்பது அந்த மந்துதான்.

தாவரவியல் பூங்காவின் மேல்புறத்திலேயே ஒரு மந்து இருக்கிறது. போகலாம், ஆனால் அது கண்காட்சி இல்லை, வீடு. கேட்டுவிட்டுப் போங்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். அரை வட்டக் கூரையோடு சின்ன வாசல் வைத்த கட்டடம் எருமைப் பால் சார்ந்த கோயில், அருகில் போகக்கூடாது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் தோடர் எம்ப்ராய்டரிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவர்களிடமே வாங்குங்கள், விலை பேசாமல்.

ஊட்டியிலிருந்து மைசூருக்கு மசினகுடி வழியா இறங்கலாம்னு மேப் காட்டுதே?

மேப் காட்டும். கல்லட்டியில் போலீஸ் திருப்பி அனுப்பும். 36 கொண்டை ஊசி வளைவும் கடும் சரிவும் உள்ள அந்தப் பாதையில் பிரேக் சூடாகி நடந்த விபத்துகள் ஏராளம். அதனால் வெளியூர் வண்டிகள் இறங்கக் கூடாது, கூடலூர் வழியாகத்தான் போக வேண்டும். எந்த வழியானாலும் முதுமலையைத் தாண்டினால் பந்திப்பூர் வரும். அங்கே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை ரோடு மூடப்பட்டிருக்கும். மாலை ஐந்துக்கு மேல் கிளம்பினால் இடையில் எங்காவது லேசாக நின்றாலே சிக்கல்தான்.

இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராதீர்கள். ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள். காட்டுக்குள் யானை நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள், செல்ஃபிக்கும் இறங்காதீர்கள்.

ஒரே நாள்ல பார்த்துட்டுத் திரும்பிடலாமா?

கோவையிலிருந்து 86 கிலோமீட்டர்தான், முடியும். பார்ப்பது ரோட்டைத்தான்.

நீங்க அங்கேயே இருக்கீங்களே, கொடுத்து வெச்சவங்க! மே மாசம் நாங்க வந்தா வீட்ல இருப்பீங்கதானே?

இருக்க மாட்டேன். மே இரண்டாவது வாரம் பால் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பவே முக்கால் மணி நேரம் ஆகும். அந்த வாரம் நான் கோயம்புத்தூரில் அம்மா வீட்டில், ஃபேனுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும், குக்கர் அடுப்புக்குக் கீழே இருக்கிறது.